உட்காருவதற்காக வந்தவர்கள்

என் கணவர் இறந்த செய்தி எனக்கு மைதானத்தில் வைத்துத்தான் வந்தது. தொண்ணூறுகளின் கடைசி. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளரும் நானே. காலைப் பயிற்சி முடிகிற நேரத்தில் ஆபீஸ் பியூன் வந்து, "மேடம், வீட்ல இருந்து போன். உடனே வரச் சொன்னாங்க" என்றார். கணவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். நாற்பது ஆகவில்லை. கடைக்குக் கிளம்புவதற்காகக் குளிக்கப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. துவட்ட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. துண்டை எடுத்துத் துவட்டினேன். சுற்றியிருந்த பெண்கள் அதைப் பார்த்துக் கதறினார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

காரியம் முடிந்த மறுவாரமே வேலைக்குத் திரும்பினேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் நானும் மாமியாரும்தான். "போயிட்டு வா ஆத்தா. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டு வீட்லயே கெடந்து என்னத்தச் செய்யப்போறோம்" என்றார் அவர். தெருவில் வேறு மாதிரி பேசினார்கள். புருஷன் போய் ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்று. என் காதுபடவே பேசினார்கள். கேட்டது, அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை. கால் மரத்துப்போனால் ஊன்றும்போது தரை இருப்பது தெரியும், தொடுவது தெரியாது. என் நாட்கள் அப்படி இருந்தன.

மைதானத்தில் பெண்கள் என் நெற்றியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். முன்பெல்லாம் தலை நிறைய மல்லிகையோடு வந்து, பயிற்சிக்கு முன்னால் அதைக் கழற்றாமல் நின்று என்னிடம் திட்டு வாங்குவார்கள். நான் திரும்பி வந்த பிறகு யாரும் பூ வைத்து வரவில்லை. தங்களுக்குள் பேசி முடிவு செய்திருக்க வேண்டும். சத்தம் போட்டுச் சிரிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். பந்து தரையில் அடிபடும் ஓசையும் என் விசிலும் தவிர அந்த ஆடுகளத்தில் வேறு சத்தம் இல்லை.

அணியில் பத்துப் பேர். காலை ஆறு மணிக்குப் பயிற்சி. எங்களுக்குள் ஒரு விதி இருந்தது, பழைய விதி. வர முடியாவிட்டால் முன்கூட்டியே என்னிடம் சொல்லிவிட வேண்டும். என்ன காரணமானாலும் நான் கேட்க மாட்டேன். சொல்லாமல் வராதவர் அடுத்த ஆட்டத்தில் ஆடக் கூடாது, யாராக இருந்தாலும். இதை நான் கண்டிப்புக்காகக் கொண்டுவரவில்லை. பாதிப் பெண்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி வருகிறவர்கள். வீட்டில் கிளம்பியவள் மைதானத்துக்கு வந்து சேரவில்லை என்றால் யாராவது ஒருவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பழனியில் மண்டல அளவிலான போட்டி இருந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை முழுநாள் பயிற்சி வைத்திருந்தேன். அன்று ஐந்து பேர் வரவில்லை. வழக்கமாக ஆட்டத்தைத் தொடங்கும் அதே ஐந்து பேர். கேப்டன் உட்பட. மீதி ஐந்து பேரும், அதாவது ரிசர்வ் பெண்கள், வரிசையாக நின்றுகொண்டு தரையைப் பார்த்தார்கள்.

"எங்க அவங்க?"

"காய்ச்சல்னு சொன்னாங்க மிஸ்" என்றாள் ஒருத்தி.

"அஞ்சு பேருக்குமா?"

நான் விசில் அடித்து, இருந்தவர்களை வைத்துப் பயிற்சியைத் தொடங்கினேன். கோபம் வந்திருக்க வேண்டிய இடம் அது. வரவில்லை.

வெயில் ஏறிய பிறகு ஒருவர் கேட்டைத் தாண்டி வந்தார். தோளில் துண்டு, கையில் டிபன் பாக்ஸ். எங்கள் அணியில் மிக உயரமான பெண்ணின் அப்பா. சாணார்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தார். டவுன் பூ மார்க்கெட்டில் பூவைப் போட்டுவிட்டு நேரே வந்திருக்கிறார்.

"டீச்சர், எம் மக சோத்த மறந்துட்டு வந்துருச்சு. அவ அம்மா குடுத்துவிட்டா. செத்த கூப்புடுறீகளா?"

ஐந்து பெண்களும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, லைப்ரரி என்று சொல்லும்படி வாயை அசைத்துக் காட்டினாள். சொல்லியிருக்கலாம். டிபன் பாக்ஸை வாங்கி வைத்துக்கொண்டு அவரை அனுப்பியிருக்கலாம். பொய் சொல்வதற்கும் ஒரு பதற்றம் வேண்டும். என்னிடம் அதுகூட இல்லை.

"இன்னைக்கு அவ வரலங்கய்யா. எங்க போயிருக்கான்னு எனக்குத் தெரியாது."

அவர் முதலில் சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. "காலைல நாந்தான டீச்சர் பஸ் ஏத்திவிட்டேன். ஏத்திவிட்டுத்தான பூவெடுக்கப் போனேன்" என்றார். பிறகு அவர் முகம் மாறியது. அங்கிருந்த வேப்பமரத்தின் அடியில் போய் உட்கார்ந்து, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தார்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த ரிசர்வ் பெண்களில் ஒருத்தி தாங்க முடியாமல் என்னிடம் வந்தாள். அணியிலேயே குள்ளமானவள், பந்தைத் தட்டிக்கொண்டு போவதில் கெட்டிக்காரி. "மிஸ், சிறுமலைக்குப் போயிருக்காங்க. சும்மா சுத்திப் பாக்க. அவங்க அஞ்சு பேர் மட்டுந்தான் மிஸ், வேற யாரும் இல்ல" என்றாள். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். எழுந்து போகவில்லை.

சாயங்காலம் ஐந்து பேரும் கேட்டுக்குள் வந்தார்கள். கையில் மலை வாழைப்பழச் சீப்பு ஒன்று. வாசல்வரை கேட்ட சிரிப்பு அவரைப் பார்த்ததும் நின்றது. மகளை அடிப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் எழுந்து போய் டிபன் பாக்ஸைத் திறந்து அவள் கையில் கொடுத்தார்.

"சாப்புடு."

"அப்பா…"

"சாப்புடு. ஒன் ஆத்தா ஆக்குனது."

அவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். காலையில் கட்டிய புளிச்சோறு. அழுகையும் சோறுமாக விழுங்கினாள். கடைசிப் பருக்கைவரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பாக்ஸை வாங்கி மூடினார். என்னைப் பார்த்து, "வாரேன் டீச்சர்" என்றார். முன்னால் அவர் நடக்க, அவரைவிட ஒரு தலை உயரமான மகள் பின்னால் போனாள்.

திங்கட்கிழமை அவள் கல்லூரிக்கு வரவில்லை. மற்ற நால்வரும் ஆறு மணிக்கு முன்பே வந்து நின்றார்கள். கேப்டன் டவுன்காரி. பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர் மகள். எதையும் உரக்கப் பேசிப் பழகியவள், அன்று மெதுவாகப் பேசினாள்.

"மிஸ், நாந்தான் எல்லாரையும் கூட்டிட்டுப் போனேன். என்ன மட்டும் வெளிய உக்கார வைங்க. அவங்கள விட்ருங்க."

"நீ கூப்ட்ட. அவங்க வந்தாங்க."

"பழனி மேட்ச் மிஸ்."

"தெரியும்."

"அஞ்சு பேரும் இல்லன்னா தோத்துருவோம் மிஸ்."

"ஆமா" என்றேன்.

முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல பெண்மணி. என் வீட்டுக்கு வந்து மாமியார் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டுப் போனவர். "ரூல் சரிதாம்மா. ஆனா ஒரே நேரத்துல அஞ்சு பேர்னா எப்படி? இந்த மேட்ச் முடியட்டும். அடுத்ததுல உக்கார வை. நீயும் இப்ப ஒரு நெலைமைல இல்ல" என்றார். கடைசி வாக்கியத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான், "அடுத்த ஆட்டம்னா இதுதான் மேடம்" என்றேன். அவர், "சரி, உன் டீம்" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து கல்லூரியில் என்னை இரும்பு மனுஷி என்ற மாதிரிப் பேசிக்கொண்டார்கள். புருஷன் செத்தும் அசையாதவள், அணிக்காகவா அசையப்போகிறாள் என்றும் யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அப்படி எதுவும் இல்லை. கண்டிப்பானவர்களுக்கு உள்ளே ஒரு சூடு இருக்கும். என்னிடம் இருந்தது அந்த விதி மட்டும்தான். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பது, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைப்பது, ஆறு மணிக்கு விசில் அடிப்பது. இவற்றோடு அதுவும் ஒன்று. அதை விட்டுவிட்டால் அடுத்து எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமைவரை உயரமான பெண் வராததால் சாணார்பட்டி பஸ் ஏறினேன். தோட்டத்தை ஒட்டிய வீடு. அவள் அம்மா பதறிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டாள். மகள் உள்ளே நிலைப்படிக்கு அப்பால் நின்றாள். பாவாடையின் ஓரம் மட்டும் தெரிந்தது. அப்பா கொடிக்கம்பியில் துண்டைக் காயப்போட்டுவிட்டு வந்து எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"படிப்பு போதும்னு முடிவு பண்ணிட்டேன் டீச்சர். நீங்க சங்கடப்படாதீக."

"படிப்பப் பத்திப் பேச வரலங்கய்யா. சனிக்கிழமை பழனில மேட்ச். அவளக் கூட்டிட்டுப் போகணும்."

"தப்புப் பண்ணவள ஆட்டத்துக்கு வேற கூட்டிட்டுப் போவீகளா?"

"ஆட மாட்டா. அஞ்சு பேரையும் ஆட விடல."

அவர் குழம்பினார். "ஆட விடலன்னா எதுக்கு டீச்சர் வரணும்?"

"உக்கார்றதுக்கு."

உள்ளே பாவாடை ஓரம் அசைந்தது. நான் கேலி செய்கிறேனோ என்பதுபோல அவர் பார்த்தார். நான் சொன்னேன்: "மத்தவங்க ஆடுறத அவ உக்காந்து பாக்கணும். தோக்குறதப் பாக்கணும். அதுக்குத்தான்."

தோட்டத்தில் யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓசை அடங்கியது. அவர் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "அங்கயும் ஒரு தண்டன, இங்கயும் ஒரு தண்டனன்னா புள்ளைக்கு ரெண்டாயிரும்ல." அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கூட்டிட்டுப் போங்க டீச்சர். ஆட மட்டும் விட்றாதீக. நான் நம்பித்தான் அனுப்புறேன்."

அவர் மனம் மாற வேண்டும் என்று திட்டமிட்டு நான் அங்கே போகவில்லை. பத்துப் பேரும் பழனிக்கு வர வேண்டும் என்பது மட்டுமே மனதில் இருந்தது. அது அவள் படிப்பைக் காப்பாற்றிவிட்டது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

பழனியில் அன்று பக்தர் கூட்டம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குடும்பங்களுக்கு நடுவே, "ரூம் வேணுங்களா" என்று துரத்தும் லாட்ஜ்காரர்களைத் தாண்டி, நீல பனியன் போட்ட பத்துப் பெண்களோடு நடந்தேன். ஆட்டத்துக்கு முன் ஸ்கோர் எழுதும் மேசையில் ஐந்து பெயர்களை மட்டும் கொடுத்தேன். அங்கிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்க மேடம், பின்னால இன்னும் அஞ்சு பேரு டிரஸ்ஸோட உக்காந்திருக்காங்களே, அவங்கள எழுதலைங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றேன். பெயர் எழுதாதவர்கள் பிறகு என்ன ஆனாலும் உள்ளே இறங்க முடியாது. அது தெரிந்தேதான் எழுதாமல் விட்டேன்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எதிரணி எங்களைவிட உயரம். முதல் பாதியிலேயே எட்டிப் பிடிக்க முடியாத தூரத்துக்குப் போய்விட்டார்கள். இடைவேளையில் ரிசர்வ் பெண்கள் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். சிறுமலை விஷயத்தை என்னிடம் சொன்ன குள்ளப் பெண் மட்டும் உட்காரவில்லை. வேர்வை வழிய என் எதிரில் வந்து நின்றாள்.

"மிஸ், அவங்க ஊர் சுத்துனாங்க. நாங்க போன சனிக்கிழமை வெயில்ல பிராக்டிஸ் பண்ணோம். அவங்க நெழல்ல உக்காந்திருக்காங்க. நாங்க இத்தன பேரு முன்னாடி அசிங்கப்படுறோம். இதுல யாருக்கு மிஸ் தண்டன?"

நான் கட்டிய விதியில் அந்த மூலை இருப்பதை அதுவரை நான் பார்த்திருக்கவில்லை. "தண்ணி குடி" என்றேன். அவள் குடிக்கவில்லை. உள்ளே போய் முன்னைவிட வேகமாக ஆடினாள். இரண்டாம் பாதியின் நடுவில் இன்னொரு பெண் ஐந்தாவது ஃபவுல் செய்து வெளியேற்றப்பட்டாள். மாற்றாள் இல்லை. எங்கள் பக்கம் நான்கு பேர்.

பின்னாலிருந்து கேப்டன் ஓடி வந்தாள். "மிஸ், என்ன எறக்குங்க மிஸ். கெஞ்சிக் கேக்குறேன்."

"பேரு எழுதல."

"நாலு பேரா என்ன மிஸ் பண்ணுவாங்க!"

"போய் உக்காரு."

அவள் போனாள். ஆனால் உட்காரவில்லை. ஐந்து பேரும் எழுந்து நின்று கத்த ஆரம்பித்தார்கள். "ஏய், எடது பக்கம் வாரா பாரு!" "விட்றாதடி, கைய ஒசத்து!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். நான்கு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு இடம் மாறி நின்றார்கள். தோற்றோம். கேவலமாகத்தான் தோற்றோம். கடைசி விசில் அடித்ததும் உயரமான பெண் துண்டுகளை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஒவ்வொருத்தியின் முகத்தையும் துடைத்தாள். குள்ளப் பெண் மட்டும் துண்டைத் தட்டிவிட்டுப் போய்த் தனியாகக் குழாயடியில் முகம் கழுவினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கேப்டன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பஸ் முழுக்க விபூதியும் பஞ்சாமிர்தமுமாக மணத்தது. ஒட்டன்சத்திரம் தாண்டிய பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஏன் சிறுமலைக்குப் போனோம்னு நீங்க கேக்கவே இல்லையே மிஸ்."

"காரணம் கேக்குறதில்லைல."

"நான் சொல்றேன். காலைல கிரவுண்டுக்கு வரவே பயமா இருந்துச்சு மிஸ். நீங்க விசில் அடிக்கிறீங்க, திட்டக்கூட மாட்டேங்கிறீங்க. நீங்க அங்க இல்லவே இல்ல. செத்துப்போனவங்க வந்து நிக்கிற மாதிரி… மன்னிச்சுக்கங்க மிஸ். ஒரு நாளாச்சும் சத்தமாச் சிரிக்கணும்போல இருந்துச்சு. அதான் போனோம்."

இந்த இடத்தில் நான் அழுதேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். அழவில்லை. அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. வேறு யாரைப் பற்றியோ சொல்லிய சரியான தகவல்போல அதைக் கேட்டுக்கொண்டேன். "நல்லா இருந்துச்சா சிறுமலை?" என்று கேட்டேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "நல்லா இருந்துச்சு மிஸ். குளிரா இருந்துச்சு" என்றாள். அப்புறம் அவள்தான் அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கை சூடாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மறுவாரம் பத்துப் பேரும் வந்தார்கள். விதியில் நான் எதையும் மாற்றவில்லை. பெண்களே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள்: ஒருத்தி உட்கார வைக்கப்பட்டால், அவளுக்குப் பதிலாக ஆடியவள் அதற்கடுத்த ஆட்டத்திலும் முதலில் இறங்குவாள். கேப்டன்தான் அதை என்னிடம் வந்து சொன்னாள். சரி என்றேன். குள்ளப் பெண் அந்த ஆண்டு முழுக்க முதல் ஐந்தில் ஆடினாள். நன்றாகவும் ஆடினாள். என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

என் மரப்பு எப்போது விட்டது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாளில் விடவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், "அத்தே, வெஞ்சனத்துல உப்பே இல்ல" என்று சொன்னேன். மாமியார் கரண்டியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இத்தனை மாதமாக எதைப் போட்டாலும் பேசாமல் தின்றவள் நான். அவர் உப்பு ஜாடியை எடுத்து வந்து வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உணர்வு திரும்பி வந்தது. முழுவதும் வந்ததா என்றும் தெரியாது.

உயரமான பெண் படித்து முடித்து ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனாள். கேப்டன் கல்யாணமாகித் திருப்பூர் பக்கம் போய்விட்டாள். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வாள், சத்தமாகத்தான் பேசுவாள்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு நாள் பிரியாணிக் கடை வாசலில் பார்சலுக்கு நின்றபோது குள்ளப் பெண்ணைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தை. அவளே வந்து பேசினாள். வேலை, வீடு, மாமியார் என்று எல்லாம் விசாரித்தாள். அப்புறம் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"அந்தப் பழனி மேட்ச நான் இன்னும் மறக்கல மிஸ்."

"நானும்தான்."

"அன்னைக்கு நீங்க பண்ணது சரின்னு அவங்க எல்லாரும் சொல்றாங்க. எனக்கு இன்னும் சரின்னு படல."

"சரியான்னு எனக்கும் தெரியல" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. சமாதானம் ஆன மாதிரியும் தெரியவில்லை. கடைக்காரர் அவள் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார். பார்சலை வாங்கிக்கொண்டு, குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்ட வைத்துவிட்டு, டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாள். இப்போதும் அதே வேகம்.